கையிலுள்ள காசா, கைக்குத் தெரிந்த வேலையா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் உறவுகளே, வாணி விழாவுக்கு வந்து கோயில் வீதியில் பாய் விரித்து இருந்து கேட்கிற பெரியோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நெருக்கடி வந்தால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது கையிலுள்ள காசா, கைக்குத் தெரிந்த வேலையா என்று ஐயா கேட்டிருக்கிறார். கைக்குத் தெரிந்த வேலைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தம்பி, "ஒரு சவர்க்காரம் செய்ய அரைநாள் மினக்கெடுகிறீர்கள், அந்த அரைநாள் உழைத்தால் ஒரு பெட்டி சவர்க்காரம் வாங்கலாம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பியின் கணக்குச் சரி. கடையில் சாமான் இருக்கிற நாளில் அந்தக் கணக்கில் பிழையே இல்லை.

இலங்கை பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது சாமான் இல்லாத நாளையும் நாங்கள் கண்டிருக்கிறோமே ஐயா. 2021 செப்ரெம்பரில் 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாகக் காசோடு நின்றவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. முதல் நாள் இரவே வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு, ஆள் மாறி ஆள் காவல் இருந்தோம். நானும் கந்தோருக்கு லீவு போட்டு மூன்று நாள் நின்றேன். மாதச் சம்பளம் எடுக்கிறவள், கைப்பையில் காசு இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், குசினிக்குப் பின்பக்கம் அம்மா சோறு வடித்துக்கொண்டிருக்கிறார். அடுப்பு என்னவென்று பார்த்தால் ஒரு பழைய பெயின்ற் ரின்.

மரத்தூள் அடுப்பு. இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ரின்னின் அடியில், பக்கவாட்டில், இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக ஒரு உருண்டைத் தடியை ரின்னின் நடுப்பகுதி வரைக்கும் செருக வேண்டும். தடியின் நுனியில் ஒரு கண்ணாடிப் போத்தலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு சுற்றிவர உலர்ந்த மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து இடித்து நிரப்ப வேண்டும். நிரம்பியதும் போத்தலைத் திருகித் திருகி மேலே எடுத்து, தடியையும் உருவிவிட்டால், உள்ளே ஒரு புகைபோக்கி மாதிரி வழி விழுந்திருக்கும். கீழ்த்துளையில் நாலு சிராய்களைப் பற்றவைத்தால் தூளின் உட்சுவர் மெல்லப் பிடித்துக்கொள்ளும். மேலே மூன்று கல் வைத்துத்தான் சட்டியை ஏற்ற வேண்டும், நேரே வைத்தால் காற்று அடைபட்டுவிடும். இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரே சீராக எரியும். சோறு, கறி, தேத்தண்ணி எல்லாம் முடிந்துவிடும். தூளுக்கு விலை இல்லை. மரக்காலையில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் நான் செய்தேன். தூளைத் தளர்வாகப் போட்டுவிட்டேன். போத்தலை எடுத்துப் பற்றவைத்ததும் சுவர் இடிந்து விழுந்து, வீடு முழுக்கப் புகை. அம்மா ஒன்றும் ஏசவில்லை. உலக்கையை என் கையில் தந்து, "விரலால் குத்தினால் நகம் மட்டும்தான் பதிய வேண்டும், அதுவரைக்கும் இடி" என்றார். நடுவர் ஐயா, அந்த ஒரு வசனத்தை எந்தக் கடையில் வாங்குவது? எவ்வளவு இறுக்கம் போதும் என்பது அம்மாவின் விரலில் இருந்தது. அங்கிருந்து என் விரலுக்கு வந்தது.

அந்த அடுப்பால் எவ்வளவு காசு மிச்சம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்தது வேறு. ஒவ்வொரு காலையும் சிலிண்டரை அசைத்துப் பார்த்து, "இன்னும் எத்தனை நாளோ" என்று நெஞ்சு பதறியது நின்றுவிட்டது. நாங்கள் சொல்கிற தன்னிறைவு இந்தப் பதற்றம் நிற்பதுதான். கடையை ஒதுக்கச் சொல்லவில்லை. கடை பூட்டினாலும் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

எதிரணி அக்கா ஒரு கேள்வி கேட்டார். "தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாமே, இப்போதே ஏன்?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் அதே வருடத்திலேயே இருக்கிறது. 2022 ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்ய வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சல் விழுந்திருந்தது. நானும் அரச ஊழியர்தான். முதல் வெள்ளிக்கிழமை மண்வெட்டியோடு வளவுக்குள் இறங்கினேன். எதை எப்போது ஊன்றுவது, நாற்றை எந்த நேரத்தில் பிடுங்கி நடுவது, ஒன்றும் தெரியாது. கீரை மூன்று நாலு கிழமையில் கைக்கு வரும். மிளகாய் காய்க்க இரண்டு மூன்று மாதம் வேண்டும். பசி அவ்வளவு நாள் காத்திருக்குமா? எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, வெயிலுக்குள் நாற்று நடாதே, பொழுது சாயட்டும்" என்று சொல்லித் தராவிட்டால் அந்தக் கன்றுகள் எல்லாம் வாடியிருக்கும். தேவை வந்த அன்றைக்குக் காசை யாரிடமாவது கைமாற்றாக வாங்கலாம். கைப்பழக்கத்தை அப்படி வாங்க முடியாது, அக்கா. அது முன்னாலேயே கையில் இருக்க வேண்டும்.

இதை எங்களுக்கு வெளியாள் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990களில் போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்கில் எங்கள் சனம் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி போட்டு விளக்கு எரித்தது. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இருக்கிறார்கள். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அதைப் பெருமையென்று சொல்லவில்லை, அது பட்ட பாடு. ஆனால் அந்தப் பாட்டுக்குள்ளும் கை சும்மா இருக்கவில்லை.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கே வருவோம். என் பெரியம்மா சம்பூர்க்காரி. 2006இல் போரால் சம்பூரை விட்டு ஓடியவர்கள் சொந்தக் காணிக்குத் திரும்ப 2015, 2016 ஆயிற்று. பெரியம்மா ஓடும்போது நகையை இடுப்பில் முடிந்தார், தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். மட்டக்களப்புப் பக்கம் போய், பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்தபோது நகை விற்று முடிந்துவிட்டது. மெசின் தலைக்கு ஒரு மரப்பலகையில் கட்டை அடித்துக் கொடுத்தார் பெரியப்பா. பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை, தகரக் கொட்டிலுக்கு மறைப்புச் சீலை எல்லாம் தைத்தார். காசில்லாதவர்கள் அரிசி கொண்டு வந்தார்கள், விறகு கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கொட்டில் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் அந்த மெசினிலேயே பழகினார்கள். நகை விற்றதும் தீர்ந்தது. தையல் ஐந்து பேரிடம் போனபின்னும் பெரியம்மாவிடம் குறையாமல் இருந்தது. எதிரணிக்கு நான் வைக்கிற பெரிய சாட்சி இதுதான்.

சரி, சவர்க்காரத்துக்கு வருகிறேன், தம்பி கேட்டாரே. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக மாற ஏறத்தாழ 183 கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும். 174 கிராம் அளவில் நிறுத்தினால் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்று தோலைக் காயவிடாது. தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், கண்மதிப்புக் கூடாது. சோடாவைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவுக்கு மேல் ஊற்றினால் கொதித்துச் சிதறும், கண் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியச் சட்டி ஆகவே ஆகாது, சோடா அதை அரித்துவிடும். ஊற்றி வெட்டிய பிறகு நாலு கிழமை காற்றுப்பட வைக்க வேண்டும். இவ்வளவு பாடும் பட்டு நான் செய்த சவர்க்காரம் கடைச் சவர்க்காரத்தைவிட மலிவு என்று சொல்லமாட்டேன். எண்ணெய் விற்கிற விலைக்கு மலிவாக வராது. ஆனால் அதைச் செய்த பிறகுதான் கடையில் வாங்கும் சவர்க்காரத்தின் உறையைத் திருப்பி வாசிக்கத் தொடங்கினேன். எவ்வளவு கொழுப்பு, மிச்சம் என்ன என்று பார்க்கத் தெரிந்தது. கறித்தூளும் அப்படித்தான். மல்லியும் செத்தலும் வறுத்து இடித்த கைக்கு, பைக்கற்றைப் பிரித்த உடனேயே மணத்தில் தெரியும், அது பழையதா புதியதா என்று.

எதிரணி சொன்னவற்றில் ஒன்று என்னைச் சுட்டது. "வீட்டிலேயே செய்வோம் என்று சொல்கிறீர்கள், கடைசியில் எல்லாம் பெண்களின் தலையில்தானே விழும்?" என்று கேட்டார்கள். உண்மை. மறைக்கமாட்டேன். வேலைக்கும் போய், வந்து இடித்து, அரைத்து, தைத்து முதுகு ஒடிந்த அம்மாமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்தச் சுமையை வாழ்க்கைமுறை என்று நான் புகழ வரவில்லை. ஆனால் அதற்கு மருந்து, கைவேலையை விட்டுவிடுவதல்ல. பங்கு போடுவது. எங்கள் வீட்டில் கறித்தூள் வறுப்பது பதினான்கு வயது மகன். கறிவேப்பிலை எந்தப் பதத்தில் நொறுங்கும் என்று இப்போது எனக்குச் சொல்லித் தருகிறான். சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவது மகள். ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடிப்பாள், அரத்தாளால் தேய்ப்பாள், சொலுசன் பூசுவாள். பூசிய உடனே ஒட்டமாட்டாள். விரலில் ஈரம் ஒட்டாத பதம் வரும்வரை ஊதிக்கொண்டு இருப்பாள். அந்தப் பொறுமையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

எல்லாவற்றையும் நாங்களே செய்வோம் என்றும் சொல்லவில்லை. குழாயில் வாசர் மாற்றுவேன். மின்சாரப் பெட்டியைத் திறக்கமாட்டேன், அதற்குப் படித்தவரைக் கூப்பிடுவேன். தனக்கு எது முடியாது என்று தெரிவதும் செய்து பழகியவருக்குத்தான் வாய்க்கும்.

உப்புவெளிக் கரையில் காலையில் போய்ப் பாருங்கள் ஐயா, வலை பொத்துகிறார்கள். காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசி போகிற வேகத்தில் கண் கண்ணாக நிரம்பும். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. எங்கள் ஒழுங்கை அண்ணர் ஒருவர் தகப்பனின் பழைய வள்ளத்துக்குத் தானே பலகை மாற்றி, துடுப்புப் போட்டுக் கரையோரமாகப் போனார். பெரிய மீன் இல்லை, கூனியும் சூடையும்தான். அன்றைக்கு ஒழுங்கையில் ஏழு வீட்டில் கறி.

ஐயா மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். மேடைக்குப் பக்கத்தில், வேம்படியில், ஒரு பெயின்ற் ரின்னும் ஒரு உரப்பை மரத்தூளும் கொண்டு வந்து வைத்திருக்கிறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் அது அங்கேதான் இருக்கும். பட்டிமன்றம் முடிந்ததும் பிள்ளைகள் வாருங்கள். போத்தலை நான் பிடித்துக்கொள்கிறேன், தூளை நீங்கள் இடியுங்கள்.