பெட்டைக்கோழி கூவினால்

(பினாங்கு, பிறையில் ஓர் ஆலய மண்டபத்தில் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரின் சார்பில் வந்திருக்கும் அவருடைய செயலாளர் அவர்களே, பட்டர்வொர்த் தாண்டி வந்துகொண்டே இருப்பதாக அரை மணி நேரமாகச் சொல்லப்படும் டத்தோ அவர்களே, பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். மேடையில் 12 மாலை போட்டார்கள். பெண்ணுக்கு விழுந்தது ஒன்று, அதுவும் பேச வந்த எனக்கு. ஆனால் பன்னிரண்டையும் கட்டியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

அரசியலில் இருக்கும் பெண்ணை வாக்காளர் எப்படிப் பார்க்கிறார் என்பது தலைப்பு. குரல், குடும்பம், புடவை என்று மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். எங்கள் தாத்தா ஒரே வரியில் முடித்துவிடுவார்: “பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்?” பாட்டி வாய் திறந்தால் இதுதான் பதில்.

ஒரு கதை கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனேன். வண்டி ஓட்டியது அவருடைய தம்பி. ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வயதான ஐயா ஒருவர் கேட்டைத் திறந்ததும் நேராகத் தம்பியின் கையைப் பிடித்தார். “வாங்க ஒய்பி தம்பி, உக்காருங்க.” (ஒய்பி என்றால் மாண்புமிகு உறுப்பினர்.) அந்த அம்மையார், “ஐயா, நான்தான் நிற்கிறேன்” என்றார். “ஏம்மா நிக்கிற? அங்க நாற்காலி இருக்கு பாரு!” மைலோ வந்தது, முதல் கிளாஸ் தம்பிக்கு. நானும் எடுத்துச் சொன்னேன். “சரி டீச்சர், சரி” என்றார். அப்புறம் தம்பியிடம் திரும்பி, வீட்டுக்கு முன்னால் வடிகால் அடைத்துக்கொண்ட கதையைக் கால் மணி நேரம் சொன்னார். அம்மையார் குறித்துக்கொண்டார். அவரிடம் ஐயா கேட்டது ஒரே கேள்வி: “நீ இப்படி ராப்பகலா சுத்துனா பிள்ளைங்களுக்கு யாரும்மா சோறு போடுறது?” அவருக்கு ஒரு பிள்ளை. தம்பிக்கு நான்கு! தம்பியை அப்படிக் கேட்க யாருக்காவது தோன்றியதா?

அம்மையார் போனுக்கு மேல் போன் போட்டார். நான்காம் நாள் வடிகால் சுத்தமானது. மறுபடி போனோம். ஐயா வாசலுக்கே ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். “வேலைன்னா இப்படில்ல செய்யணும்!” (சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒரு ஐயா இருக்கிறார்.)

அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்ததே அவ்வளவுதான். மேற்கு வங்காளத்தில் சில ஊராட்சிகளின் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் அவர் கூட்டாளிகளும் அந்த ஊர்களில் ஒரு சோதனை செய்து 2009இல் வெளியிட்டார்கள். அதே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில், ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். பேச்சு ஒன்றுதான்! பார்த்திருந்த ஊர்களில் அந்த ஓரவஞ்சனை ஏறக்குறைய போய்விட்டது. பெண் தலைவர்தான் வேண்டும் என்ற ஆசை அங்கும் வந்துவிடவில்லை. “இவளுக்கு என்ன தெரியும்” என்பதுதான் போனது. இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சரே குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பயிற்சி எடுத்தவர்தான். பெட்டைக்கோழி சேவல் மாதிரி கூவினால் சரியாம்!

நம் நாட்டில் 1955 தேர்தலில் 52 இடங்களுக்கு வென்றவர்களில் ஒரே பெண் ஹலிமாத்தோன் அப்துல் மஜீத். அதற்கும் முன்பே, 1943இல், கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் 18 வயதில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் தளபதிகளில் ஒருவராக உயர்ந்தார். பிற்பாடு நாடாளுமன்ற மேலவையிலும் உட்கார்ந்தார். துணைப் பிரதமராக ஒரு பெண் வர 2018 வரை காத்திருந்தோம். 2022 தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 222 பேரில் ஏழில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லை. புடவை பற்றிப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள்.

ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். நம் ஆள்கள் ஓட்டுப் போடக் கற்றுக்கொள்வது எங்கே? ஆலய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கை தூக்கி. அன்னதானத்துக்கு அரிசி களைவது பெண்கள், பால்குடம் தூக்குவது பெண்கள், உண்டியல் சில்லறையை எண்ணிக் கட்டுவதும் பெண்கள். நிர்வாகக் குழுப் பட்டியலைப் படித்தால் தலைவர் முதல் கணக்காய்வாளர் வரை சேவல்கள்! பத்து வயதுப் பையன் இந்த மேடையில் ஒரு பெண் தலைவரைப் பார்த்து வளர்ந்தால், அறுபது வயதில் மைலோவை யாருக்கு முதலில் நீட்டுவான்? ஆலயத் தலைவர் அவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. அவருக்கு எதிராகப் பேசவில்லை. அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்கிறேன், அவ்வளவுதான்.

நிர்வாகக் குழுத் தேர்தலுக்கான வேட்புமனுப் பாரம் வாசல் மேசையில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும், நானே ஒருவர். பேனா இரண்டு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். இதோ, டத்தோ வந்துவிட்டார்.