மலை ஏறும் நீராவி

வணக்கம் நேயர்களே. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியபோது கூட்டத்தோடு கூட்டமாக நானும் அப்பாவும் நின்றோம். அப்பா இளம் வயதில் மலாயா ரயில்வேயில் ஃபயர்மேன். நீராவி இன்ஜினில் தீயையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டவர். ரயில் போன பிறகும் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த நிலையக் கட்டடத்தை இன்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பாதையும் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பசுமை வழியாகிவிட்டது. வாரம் ஒரு முறையாவது அதில் நடக்கிறேன். ஆனாலும் ரயிலைக் காப்பாற்றுவது என்றால் ஓட வைப்பதுதான் என்று நினைப்பவள் நான். அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரயிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்: நீலகிரி மலை ரயில்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். பாதை போடும் பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், ஊட்டியை எட்டியது 1908-ல். இத்தனை காலம் பிடித்ததற்குக் காரணம் ஏற்றம். 12 அடி போனால் 1 அடி ஏற வேண்டிய இடங்கள் அதில் உண்டு. வழுவழுப்பான தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் வந்துவிடுகின்றன. இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்கள் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. சட்டங்கள் இரண்டு, பற்கள் ஒன்றுக்கொன்று மாறி அமைந்தவை. எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்ஜினின் வேலைதான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் உருவான எக்ஸ் வகை. அதற்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில், அந்த இரண்டையும் தள்ளிவிட்டு வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். ஒரே நீராவி இரண்டு தரம் உழைக்கிறது!

இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டு ஓடாது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். நான் உட்கார்ந்த பெட்டியில் இருந்தவருக்கு ஒரு கையில் சுருட்டிய கொடிகள், இன்னொரு கை எப்போதும் பிரேக் சக்கரத்தின் மேல். வளைவு முடிந்ததும் பச்சைக் கொடியை வெளியே நீட்டினார். பின்னால் இருக்கும் டிரைவருக்கு அவர்தான் கண்.

2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நல்ல செய்திதான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது திருச்சி பொன்மலைப் பணிமனை. பழைய இன்ஜின்கள் தளர்ந்தபோது, சுவிஸ் வடிவமைப்பைப் பின்பற்றிப் புதிய எக்ஸ் இன்ஜின்களையே அங்கே கட்டிவிட்டார்கள். முதலில் எண்ணெயில் ஓடுபவை, அப்புறம் 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. இந்தக் காலத்தில் புதிதாக நீராவி இன்ஜின் செய்யத் தெரிந்த தமிழ்க் கைகள்! குன்னூருக்கு மேலே டீசல்தான் இழுக்கிறது. ஆனால் கடினமான ஏற்றம் முழுவதும் நீராவியின் பொறுப்பு.

ஊருக்குத் திரும்பியதும், ஏற்றத்தில் கைப்பேசியில் பதிவு செய்த சத்தத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பல்சக்கரம் சட்டத்தைக் கவ்வும் இடத்தில் தாளம் மாறியது. அவருடைய விரல்கள் நாற்காலிக் கையில் அதே தாளத்தைத் தட்டின.

"தண்ணி எங்கம்மா பிடிக்கிறாங்க?"

"வழியில ஹில்குரோவ்ல, அப்பா."

"சரி. மறுபடியும் போடு" என்றார்.