கண்ணுக்குத் தெரியுற தமிழ் பிடிஎஃப், ஸ்கிரீன் ரீடருக்கு ஏன் தெரியல?

அடுத்த கேள்வி ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்துல இருந்து வந்திருக்கு. "சுற்றறிக்கை எல்லாத்தையும் பிடிஎஃபாத்தான் அனுப்புறோம். பார்வையில்லாத ஊழியர் ஒருத்தர் எங்ககிட்ட இருக்கார். பாதி ஃபைலை ஸ்கிரீன் ரீடர் (திரையில இருக்கிறதைக் குரல்ல படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர்) படிக்கவே மாட்டேங்குது, மீதியில இங்கிலீஷ் எழுத்தா உளறுதுன்னு சொல்றார். எங்க கம்ப்யூட்டர்ல தமிழ் சுத்தமாத் தெரியுது. அவர் சாஃப்ட்வேர்ல கோளாறா, எங்க ஃபைல்ல கோளாறா?"

உங்க ஃபைல்லதாங்க. நாம பார்க்கிறது எழுத்தோட உருவத்தை. ஸ்கிரீன் ரீடர் உருவத்தைப் பார்க்கிறதே இல்ல, அந்த உருவத்துக்கு அடியில, ஒவ்வொரு எழுத்துக்கும்னு கம்ப்யூட்டர் வச்சிருக்கிற எண்ணைத்தான் படிக்குது. பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்கள்ல என்ன பண்ணாங்கன்னா, இங்கிலீஷ் எழுத்துக்கான எண்ணை வச்சுக்கிட்டு, மேல தமிழ் உருவத்தை வரைஞ்சுட்டாங்க. பாமினியில ‘தமிழ்’னு அடிச்சிருந்தா, உள்ளே இருக்கிறது ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு அரைப்புள்ளி. நமக்குத் தமிழ், மெஷினுக்கு ஜே கே பி ஓ. அவர் சொல்ற உளறல் இதுதான்.

எந்த ஃபைல்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியை செலக்ட் பண்ணி, காப்பி எடுத்து, நோட்பேட்ல ஒட்டுங்க. இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வந்தா பழைய ஃபான்ட். செலக்டே ஆகலன்னா அது எழுத்தே இல்ல, வெறும் படம். தமிழாவே வருது, ஆனா கொம்பு இடம் மாறி, ‘பெயர்’ங்கிறது ‘ெபயர்’னு வருதுன்னா அது மூணாவது வகை. ஃபைல் யூனிகோட்லதான் (தமிழ் எழுத்துக்குன்னே தனி எண் கொடுக்கிற உலகப் பொது முறை) இருக்கு, பிடிஎஃபா மாத்தும்போது எழுத்தை அடிச்ச வரிசையில வைக்காம, கண்ணுக்குத் தெரியுற வரிசையில வச்சிருக்கு. நாம ‘ப’வுக்கு அப்புறம்தான் கொம்பை அடிக்கிறோம், ஆனா திரையில கொம்பு முன்னாடி நிக்குதில்ல, அந்தக் குழப்பம்.

அலுவலகங்கள்ல ரொம்பப் பரவலா இருக்கிறது ரெண்டாவது வகை, படம். வேர்ட்ல அழகா அடிக்கிறாங்க, பிரிண்ட் எடுக்கிறாங்க, அதிகாரி கையெழுத்து, சீல், அப்புறம் அதையே ஸ்கேன் பண்ணி அனுப்புறாங்க. நல்லா இருந்த எழுத்தை நாமளே போட்டோ ஆக்கிடறோம். கையெழுத்துப் போட்ட நகல் வேணும்னா அது இருந்துட்டுப் போகட்டும். கூடவே அந்த மூல வேர்ட் ஃபைலையும் இணைச்சு அனுப்புங்க. செலவு ஒண்ணும் இல்ல. என்னைக் கேட்டா, ரெண்டு பக்கச் சுற்றறிக்கைக்கு பிடிஎஃபே வேண்டாம், விஷயத்தை மின்னஞ்சல்லயே தட்டச்சாப் போட்டுடலாம். கொம்பு மாறுற சிக்கலுக்கும் அதுதான் குறுக்கு வழி.

பழைய ஃபான்ட் ஃபைலா இருந்தா ஃபான்ட் மாத்துற கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தணும். இதுல எல்லாரும் ஒரே இடத்துல வழுக்குவாங்க. முழுப் பக்கத்தையும் அள்ளிப் போட்டா, நடுவுல இருக்கிற நிஜ இங்கிலீஷ் சொல், இணைய முகவரி, அரைப்புள்ளி எல்லாம் சேர்ந்து தமிழ்க் குப்பையா மாறிடும். தமிழ் ஃபான்ட்ல இருக்கிற பகுதியை மட்டும் தனியா எடுத்து மாத்துங்க. கன்வெர்ட்டர்ல எந்த ஃபான்ட்டோ அதுக்கான எழுத்து மாற்று அட்டவணையைத் தேர்ந்தெடுக்கணும், வானவிலுக்கு பாமினி அட்டவணை ஒத்து வராது. இனிமே அடிக்கிறதை யூனிகோட்லயே அடிங்க. 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும், டேஸ் 16ங்கிற இன்னொரு தமிழ் எழுத்துக் குறியாக்க முறையையும் தரமா அறிவிச்சாச்சு. ஆனா டேஸ் 16 இந்த வேலைக்கு ஆகாது. அது யூனிகோட்ல தனிப்பயனுக்குன்னு ஒதுக்கின இடத்துல உட்கார்ந்திருக்கு, அந்த எண்களுக்கு ஸ்கிரீன் ரீடர்கிட்ட உச்சரிப்பே கிடையாது.

மூலமே கையில இல்ல, ஸ்கேன் மட்டும்தான் இருக்குன்னா ஓசிஆர் பண்ணணும், அதாவது படத்துல இருக்கிற எழுத்தை மெஷினே அடையாளம் கண்டு எழுத்தா மாத்தணும். கூகுள் டிரைவ்ல ஏத்தி, கூகுள் டாக்ஸ்ல திறந்தா தமிழ் எழுத்தாப் பிரிச்சுத் தரும். ஸ்கேன் 300 டிபிஐல (ஸ்கேனர் அமைப்புல இருக்கிற தெளிவு அளவு), நேரா இருக்கணும். அப்படியும் துணைக்கால் ‘ர’ ஆகும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு மாறும், அட்டவணை சிதறும். மெய்ப்புப் பார்க்காம அனுப்பாதீங்க, முக்கியமா தேதியும் தொகையும். சொல் தப்பா வந்தா கேட்கிறவர் ஊகிச்சுக்குவார், 15,000 வந்து 16,000 ஆனா எப்படி ஊகிப்பார்?

சரி, யூனிகோட்ல அடிச்சாச்சு, முடிஞ்சுதான்னா இல்ல. தலைப்பை அழகுக்கு ‘அ றி வி ப் பு’னு இடம் விட்டு அடிக்கிற பழக்கம் இருக்கே, அதை ஒவ்வொரு எழுத்தாத்தான் படிக்கும். இடைவெளி வேணும்னா ஃபான்ட் அமைப்புல கேரக்டர் ஸ்பேசிங்னு இருக்கு, அதுல கூட்டுங்க. ‘எ’ போட வேண்டிய இடத்துல சிம்பல் பட்டியல்ல இருந்து தமிழ் எண் ஏழை, ௭, எடுத்துப் போடுறாங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, காதுக்கு ‘ஏழு’. ஔவையாரை ஒ, ள ரெண்டையும் சேர்த்து ‘ஒளவையார்’னு அடிச்சா ‘ஒள-வையார்’னுதான் கேட்கும்.

வேர்ட்ல தலைப்பை போல்ட் பண்ணிப் பெருசாக்கினா மட்டும் அது தலைப்பு ஆகாது. ஹோம் பகுதியில ஸ்டைல்ஸ்ல ஹெட்டிங் 1, ஹெட்டிங் 2 கொடுங்க. என்விடிஏங்கிற ஸ்கிரீன் ரீடர்ல, பிரவுஸ் மோட்ல இருக்கும்போது ஹெச் விசையை அழுத்தினா அடுத்த தலைப்புக்குத் தாவலாம், பத்துப் பக்கத்தை முதல்ல இருந்து கேட்க வேண்டாம். அட்டவணையில கட்டங்களை ஒண்ணா இணைக்காதீங்க, முதல் வரியை ஹெடர் ரோன்னு குறிங்க, இல்லன்னா எந்தத் தொகை எந்தத் தலைப்புக்குன்னு தெரியாது. படத்துக்கு ரைட் கிளிக் பண்ணி ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி, எழுதுங்க. முத்திரை, பூவேலைக்கெல்லாம் வேண்டாம், டெகரேடிவ், அதாவது வெறும் அலங்காரம்னு டிக் போதும். ரிவ்யூ பகுதியில லாங்குவேஜ்ல தமிழ்னு குறிச்சு வைங்க, இல்லன்னா தமிழை இங்கிலீஷ் குரல்ல படிக்கப் பார்க்கும்.

கடைசியா பிடிஎஃப் எடுக்கும்போது ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுக்காதீங்க. நீங்க கொடுத்த ஹெட்டிங், ஆல்ட் டெக்ஸ்ட் எல்லாம் அதுல உதிர்ந்துடும். சேவ் ஆஸ் போய், பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸ்ல ‘டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்சஸபிலிட்டி’ங்கிறதுல டிக் இருக்கான்னு பாருங்க.

சோதிக்கிறதுக்குச் செலவு கிடையாது. என்விடிஏ இலவசம், பார்வையில்லாத ஆஸ்திரேலியக்காரர் ஒருத்தர் 2006ல தொடங்கினது. அதோட வர்ற ஈஸ்பீக்ங்கிற குரல் மென்பொருள்லயே தமிழ்க் குரல் இருக்கு. கொஞ்சம் இயந்திரத்தனமாத்தான் இருக்கும், ஆனா தப்பைக் காட்டிக்கொடுக்கும். மானிட்டரை அணைச்சுட்டு ஒரு பக்கம் கேளுங்க. அப்புறம் அந்த ஊழியர்கிட்ட ஒரு மாதிரி ஃபைல் கொடுத்து, அவர் தினம் பயன்படுத்துற மெஷின்ல எப்படி வருதுன்னு கேட்டுடுங்க. செல்போன்ல டாக்பேக் (ஆண்ட்ராய்டு போனோட ஸ்கிரீன் ரீடர்) வச்சிருந்தார்னா அதுலயும் ஒரு தடவை பார்த்துடணும்.

பழைய சுற்றறிக்கை நூத்துக்கணக்குல இருக்குமே, என்ன பண்றதுன்னு அடுத்துக் கேட்பீங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்த உட்காராதீங்க, பாதியில நின்னுடும். சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு, இப்பவும் நடைமுறையில இருக்கிற விதிகள், இதை முதல்ல எடுங்க. மீதியில அவர் எதைக் கேட்கிறாரோ, அதை அப்பப்போ மாத்திக் கொடுங்க. இது தயவு தாட்சண்யம் இல்ல. தகவல் எல்லாருக்கும் அணுகக்கூடிய வடிவத்துல கிடைக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 42ஆவது பிரிவு சொல்லுது. மேலதிகாரி ‘இதெல்லாம் எதுக்கு’ன்னு கேட்டா அந்தப் பிரிவைக் காட்டுங்க.