மரபணுப் பிழை யார் பக்கம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'மரபணுப் பிழைகள் பரிணாமத்துக்குச் சாட்சி சொல்கின்றனவா, எதிராக நிற்கின்றனவா?' என்பது தலைப்பு. சாட்சி சொல்கின்றன என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர், 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழியைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். படியெடுக்கும்போது விழுகிற பிழையால் எந்தப் பாட்டாவது மெருகேறியதுண்டா, டிஎன்ஏவில் விழும் பிழை மட்டும் எப்படி உயிரை வளர்க்கும் என்று கேட்டார்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் தாய் தந்தையிடம் இல்லாத புதிய டிஎன்ஏ மாற்றங்கள் ஏறத்தாழ 60, 70 இருக்கின்றன. பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. சில கெடுக்கும். அரிவாள் செல் நோய் என்ற ரத்த நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு பிரதியிலும் அந்தப் பிழை இருந்தால் நோய். ஒரு பிரதியில் மட்டும் இருந்தால்? கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா வாட்டிய பகுதிகளில் இந்தப் பிழை ஏன் அதிகம் என்பதற்கு விடை அதுதான். ஒரு பிழை நல்லதா கெட்டதா என்பதை அந்தப் பிழை முடிவு செய்வதில்லை ஐயா, அது வாழ்கிற இடம் முடிவு செய்கிறது.

சரி, ஏட்டுக்கு வருவோம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், உண்மை. ஆனால் பழைய ஏடுகளைப் பதிப்பிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஏட்டைப் பார்த்து எந்த ஏடு எழுதப்பட்டது என்பதை அவர்கள் கண்டுபிடிப்பதே பிழைகளை வைத்துத்தான். சரியான வரி எல்லா ஏட்டிலும் சரியாகத்தான் இருக்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால், இரண்டுக்கும் மூலம் ஒன்று.

பாலூட்டிகளில் பெரும்பாலானவை வைட்டமின் சி-யைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது. அதனால்தான் அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகள் அந்தச் சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்து செத்தார்கள். அதற்கான மரபணு நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. உடைந்து, பாதி தொலைந்து, வேலை செய்யாமல் நம் 8ஆம் குரோமோசோமில், அதாவது மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏ இழைகளில் ஒன்றில், கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது, நமக்கு உடைந்த அதே இடங்களில். கினிப்பன்றியாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, ஆனால் அதன் மரபணு சிதைந்த விதம் வேறு. தனித்தனியாகப் படைக்கப்பட்ட இரண்டு உயிர்களுக்கு ஒரே ஓட்டையை ஒரே இடத்தில் போட்டுவைக்க என்ன அவசியம்?

"கெட்டதைத்தானே காட்டுகிறீர்கள், புதிதாக ஒன்று முளைத்ததைக் காட்டுங்கள்" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். காட்டுகிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

1988 பிப்ரவரியில் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் ஒரே ஈ. கோலி பாக்டீரியாவின் வழிவந்தவற்றை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதிய கரைசலில் விடுவார்கள். அதில் குளுக்கோஸ் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும், மீதி நேரம் பட்டினி. 500 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு மாதிரியை எடுத்து உறைய வைப்பார்கள். உருக்கினால் உயிரோடு எழுந்துவிடும். பாட்டனையும் எள்ளுப்பேரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் போட்டிக்கு விடலாம். எந்தத் துறையில் இப்படி வாய்க்கும்?

அந்தக் கரைசலில் சிட்ரேட் என்ற இன்னொரு பொருளும் இருந்தது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஈ. கோலி சிட்ரேட்டைத் தொடாது. இது ஈ. கோலிதானா என்று அடையாளம் பார்க்கவே ஆய்வகங்கள் அந்தக் குணத்தைப் பயன்படுத்துவதுண்டு. 2003இல் ஒருநாள் ஒரு குடுவை மட்டும் கலங்கிக் கிடந்தது. வெறும் கண்ணுக்கே தெரிகிற கலங்கல். வேறு கிருமி புகுந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். சோதித்தால், அதே ஈ. கோலி, சிட்ரேட்டைத் தின்று பெருகியிருக்கிறது. சுமார் 31,500 தலைமுறைகள் கழித்து வந்த திறமை. மற்ற 11 குடுவைகளில் அது வரவில்லை.

அப்புறம் லென்ஸ்கியின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக்கரி பிளவுண்ட் பழைய மாதிரிகளை உருக்கி, வரலாற்றை மறுபடி ஓட்டிப் பார்த்தார். சுமார் 20,000ஆவது தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டும், அதுவும் வெகு அபூர்வமாக, சிட்ரேட் தின்னிகள் மீண்டும் வந்தன. முன்பு விழுந்த ஏதோ ஒரு மாற்றம் இதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது. 2012இல் உள்விவரமும் வெளிவந்தது. சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு ஈ. கோலியிடம் முன்பே உண்டு, ஆனால் ஆக்சிஜன் இல்லாதபோதுதான் இயங்கும். டிஎன்ஏவின் ஒரு துண்டு தவறுதலாக இரண்டு தடவை படியாகிவிட, அந்த மரபணுவின் ஒரு பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போது முடுக்கிவிடும் ஒரு பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய பிரதி பழையபடியே இருக்கிறது. ஏடு கெடவில்லை, ஒரு பக்கம் கூடியிருக்கிறது.

"இருந்த மரபணுதானே இடம் மாறியது, இதில் புதுமை என்ன?" என்பீர்கள். பரிணாமம் என்று நாங்கள் சொல்வதே அதைத்தான்! இருப்பதைப் பிரதியெடுக்கும், இடம் மாற்றும், வேறு வேலைக்கு விடும். வெறுமையிலிருந்து எதையும் வரவழைக்கிறது என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை.

"பாக்டீரியா பாக்டீரியாவாகத்தானே இருக்கிறது" என்றும் ஒருவர் கேட்டார். சில பத்தாண்டுகளில் அது ஆமையாகியிருந்தால் பரிணாமக் கொள்கை அன்றைக்கே செத்திருக்கும். பெரிய மாற்றங்களுக்குப் பாறையைப் பார்க்க வேண்டும். மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் இடைப்பட்ட உயிர் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பாறையில் இருக்க வேண்டும் என்று கணித்துத்தான் புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபினின் குழு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தேடியது. 2004இல் டிக்டாலிக் என்ற அந்த உயிரின் புதைபடிவம் கிடைத்தது. செதிலும் உண்டு, கழுத்தும் உண்டு.

கடைசியாக ஒரு கணக்கு. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடிக் குரோமோசோம்கள். நமக்கு 23. மூதாதை ஒன்றே என்றால் மீதி ஒரு ஜோடி எங்கே போயிற்று? அத்தனை மரபணுக்களைத் தொலைத்துவிட்டுப் பிழைத்திருக்க முடியாது, எனவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தழும்பு இருக்க வேண்டும். குரோமோசோமின் முனைகளில் 'டிடிஏஜிஜிஜி' என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். அதே எழுத்துகள் நம் 2ஆம் குரோமோசோமுக்கு நடுவில், தலையோடு தலை முட்டியபடி நிற்பதை 1991இல் கண்டார்கள். குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதி, செயலிழந்த இன்னொன்றின் மிச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, அடுத்து எதிரணி நண்பர் பேச வருவார். நன்றாகப் பேசுவார், தெரியும். முனையில் இருக்க வேண்டியது நடுவில் எப்படி வந்தது என்பதற்கு மட்டும் அவர் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.