பெட்டி பிரிக்கிற நாள்: பழைய ராணி அந்தப் பக்கம், ராணிக் கூடு இந்தப் பக்கம்

வணக்கம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் விளையில் நிற்கிறேன். இன்றைக்கு நவம்பர் 22, மணி ஒன்பதரை. மூன்று நாளாகப் பெய்த மழை நேற்று ராத்திரியோடு விட்டுவிட்டது. பின்னால் நீல நிறத் தேனீப் பெட்டி ஒன்று தெரிகிறது பாருங்கள், அதில் இருக்கிற கூட்டத்தைத்தான் இன்றைக்கு இரண்டு பெட்டியாகப் பிரிக்கப் போகிறேன்.

பத்து நாளாக இதற்குத்தான் காத்திருந்தேன். "அக்கா, தேனீ நிறைய இருக்கிறது, பிரிக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நிறைய இருந்தால் மட்டும் போதாது. அடிப்பலகையில் எனக்கு ஒரு சாமான் கிடைக்க வேண்டும். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், என் விரல் நுனியில் இருப்பதைப் பாருங்கள். சின்னத் தொப்பி மாதிரி, பழுப்பு நிறம், உச்சியில் ஊசி குத்தினது போல ஒரு ஓட்டை. ஆண் தேனீ வளர்ந்த அறையின் மூடி இது. நம் இந்தியத் தேனீயில் ஆண் அறை மூடிக்கு மட்டும் இந்த ஓட்டை இருக்கும். இந்த மூடிகள் அடிப்பலகையில் உதிர்ந்து கிடந்தால் ஆண் தேனீக்கள் பிறக்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். ஆண் இல்லாத நேரத்தில் பிரித்தால் புது ராணி பறந்து போய் யாரோடு இணை சேரும்? மலட்டு ராணியாகத் திரும்பி வரும், அந்தக் குடி அதோடு முடிந்தது.

சரி, திறக்கலாம். கதம்பை, அதாவது தேங்காய் மட்டைப் புகை இரண்டு மூச்சு போதும். புகையை அள்ளிக் கொட்டினால் தேனீ எல்லாம் அடையை விட்டு மூலைக்கு ஓடும், அப்புறம் ராணியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இது நியூட்டன் பெட்டி. தேனீ அடை கட்டுகிற மரச் சட்டம் கைக்கு அடக்கமாக இருக்கும், இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளம். நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் தேனீயின் அளவுக்கென்றே செய்த பெட்டி. இத்தாலியத் தேனீக்கு உள்ள பெரிய பெட்டியில் நம் தேனீயைப் போட்டுவிட்டு "தங்க மாட்டேன் என்கிறது" என்று சொல்கிறவர்கள் முதலில் பெட்டியை மாற்றிப் பாருங்கள்.

முதல் சட்டம், தேனும் மகரந்தமும். மஞ்சள் மகரந்தம் பெரும்பாலும் தென்னை. இரண்டாவது, மூடிய புழு அறைகள், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை இடைவெளி இல்லாமல். மூன்றாவது... இதோ. அடையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். விரல் நுனி போலத் தலைகீழாகத் தொங்குகிறதே, அதுதான் புது ராணி வளர்கிற ராணிக் கூடு. இந்த ஓரத்தில் ஒன்று மூடியது, மூன்று திறந்தது. அடுத்த சட்டத்தில் மூடிய கூடு இன்னொன்று. நான் பிரிக்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பியிருக்கும். பக்கத்து விளையில் ஏதாவது பலா மரப் பொந்தில்தான் போய்த் தேட வேண்டும்.

மூடிய கூட்டின் நுனியைக் கவனியுங்கள். மெழுகு இன்னும் வழவழப்பாக இருக்கிறது. ராணி வெளியே வரப் போகிற சமயத்தில் வேலைக்காரத் தேனீக்கள் நுனி மெழுகைச் சுரண்டிவிடும், உள்ளே இருக்கிற பழுப்பு நார் தெரியும். அது தெரிந்தால் ஒன்றிரண்டு நாளில் பிறப்பு. இதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கலாம்.

பிரிப்பதற்கு வழி பல உண்டு. என் வழி, தேனீ தானாகப் பிரிந்து போகிற மாதிரியே செய்வது. பழைய ராணிதான் வீட்டை விட்டுப் போகும், ராணிக் கூடு தாய் வீட்டில் இருக்கும். அதனால் ராணியைப் புதுப் பெட்டிக்கு மாற்றுகிறேன். ராணி... இங்கே இருக்கிறது. வயிறு நீளமாக, மற்றதைவிடக் கறுப்பாக, அவசரமே இல்லாமல் நடக்கிறது. விரலால் பிடிக்கத் தேவை இல்லை, சட்டத்தோடு அப்படியே தூக்கிப் புதுப் பெட்டியில் இறக்கிவிட்டேன். கூடவே மூடிய புழுச் சட்டம் ஒன்று, தேன் சட்டம் ஒன்று. அப்புறம் இன்னொரு சட்டத்துத் தேனீக்களையும் இதற்குள் உதறுகிறேன். உதறுகிற சட்டத்தில் ராணிக் கூடு இருக்கக் கூடாது. உள்ளே இருக்கிற ராணி இப்போது கூழ் மாதிரி, ஒரு உதறலில் சிறகு ஊனமாகிவிடும். கூடு உள்ள சட்டத்தைக் கவிழ்க்கவும் கூடாது.

ஏன் கூடுதலாக உதறினேன்? வெளியே போய்ப் பழகிய தேனீ, பெட்டியை எங்கே வைத்தாலும் பழைய இடத்துக்குத்தான் திரும்பும். புதுப் பெட்டியை முப்பது அடி தள்ளி அந்த அயனி மரத்தடியில் வைக்கிறேன். சாயங்காலத்துக்குள் கிழட்டுத் தேனீ எல்லாம் நீலப் பெட்டிக்கு வந்துவிடும், இன்னும் பறக்கத் தொடங்காத இளசுகள் மட்டும் ராணியோடு தங்கும். தேன் கொண்டுவர ஆள் இல்லை என்பதால் ஒரு வாரத்துக்குச் சர்க்கரைப் பாகு, ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர், இருட்டின பிறகு மட்டும். பகலில் வைத்தால் மற்றப் பெட்டித் தேனீக்கள் கொள்ளை அடிக்க வந்துவிடும்.

புதுப் பெட்டி வாசலில் ராணித் தடுப்பு மூன்று நாள் போடுகிறேன். வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழைய முடியாது. இடம் பிடிக்காவிட்டால் நம் தேனீ எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடும், அதற்காக. ஆனால் தயவுசெய்து, ராணிக் கூடு இருக்கிற பெட்டிக்கு இந்தத் தடுப்பைப் போட்டுவிடாதீர்கள். புது ராணியால் இணை சேர வெளியே போக முடியாது, ஆண் தேனீயும் உள்ளே அடைபட்டுச் செத்து வாசலை அடைக்கும்.

இனி நீலப் பெட்டி. ஐந்து கூட்டில் ஒன்றைத்தான் விடப் போகிறேன். திறந்த மூன்றையும் எடுத்துவிட்டேன். அடுத்த சட்டத்தில் இருந்த மூடிய கூட்டைச் சுற்றி அரை அங்குல அடையோடு வெட்டி எடுக்கிறேன். ராணி இல்லாமல் இருக்கிற இன்னொரு பெட்டியில் வாழை நார் வைத்துக் கட்டப் போகிறேன், அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். இரண்டையும் இங்கேயே விட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் இந்தப் பெட்டியில் தேனீ நெருக்கம் அதிகம். முதலில் பிறக்கிற ராணி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடும், அடுத்தது இன்னொரு கூட்டத்தோடு. எனக்கு ஒன்று போதும். அது தவறினால் பழைய ராணியின் பெட்டியிலிருந்து முட்டை உள்ள சட்டம் ஒன்று கொடுத்தால் புதிதாகக் கூடு கட்டிக்கொள்ளும்.

எந்தப் பெட்டியைப் பிரிக்கிறோம் என்பதும் முக்கியம். 1991-92 காலத்தில் சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீயை அடியோடு வாரிக்கொண்டு போனது. அப்பா வைத்திருந்த நாற்பது பெட்டியில் மிஞ்சியது இரண்டு. காலி பெட்டிகளை அடுக்களைப் பின்புறம் அடுக்கி வைத்துவிட்டு அவர் அந்தப் பக்கமே போகாமல் இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த நோயில் புழு அறைக்குள் மல்லாந்து, தலையைத் தூக்கி, தோணி மாதிரி வளைந்து செத்திருக்கும். ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பை போல முழுதாக வரும். அப்படி ஒரே ஒரு புழு கண்ணில் பட்டாலும் அந்தப் பெட்டியைப் பிரிக்க மாட்டேன், அதன் சட்டம் வேறு எங்கும் போகாது. நீலப் பெட்டியில் இரண்டு வருஷமாக அது வந்ததே இல்லை. இதன் மகளை வளர்க்க ஆசைப்பட்டதற்கு முதல் காரணம் அதுதான், தேன் அதற்கு அப்புறம்தான்.

மூடிவிட்டேன். கடினமான வேலை இனிமேல்தான்: தொடாமல் இருப்பது. போன வருஷம் இதே மாதிரி பிரித்த ஒரு பெட்டி, ராணி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். வெயில் அடிக்கிறதே என்று மத்தியானத்துக்கு மேல் பெட்டியை நாலடி நிழலுக்குத் தள்ளி வைத்தேன். அந்த நேரம் ராணி இணை சேரப் போயிருந்தது போல. திரும்பி வந்தபோது பழைய இடத்தில் பெட்டி இல்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தேன், ஒரு அறைக்குள் மூன்று நாலு முட்டை, அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டு. வேலைக்காரத் தேனீக்களே முட்டை இட ஆரம்பித்துவிட்டன. அதிலிருந்து ஆண் மட்டும்தான் பிறக்கும். ஒரு நல்ல குடியை நான் என் கையாலேயே அழித்தேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் இருபது நாள் பெட்டியைத் திறக்கவும் மாட்டேன், நகர்த்தவும் மாட்டேன். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் காலுக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவேன், வாசலைப் பார்ப்பேன், அவ்வளவுதான். காலில் மகரந்த உருண்டையோடு விறுவிறு என்று உள்ளே போனால் உள்ளே நல்லது நடக்கிறது. வாசலில் சும்மா சுற்றித் திரிந்தால் கவலைப்படலாம்.

கணக்குச் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் ராணி பிறக்கும், ஒரு வாரம் பத்து நாளில் இணை சேரும், டிசம்பர் 12 வாக்கில் முட்டை. முட்டை தேனீயாக இருபது நாள், அது வெளியே வேலைக்குப் போக இன்னும் மூன்று வாரம். ஜனவரிக் கடைசி ஆகிவிடும். அந்தச் சமயம்தான் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, மூன்று இலையும் காம்பில் சேருகிற இடத்தில் சுரக்கும். தளிர் முற்றுவதற்குள் அள்ள வேண்டும். அதனால்தான் ஜனவரியில் பிரிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். தேன் வருகிற நேரத்தில் உங்கள் கையில் இரண்டு நோஞ்சான் பெட்டிதான் இருக்கும்.

இப்போது பதினொன்றரை. நீலப் பெட்டி வாசலைப் பாருங்கள், நாலைந்து தேனீ வயிற்றைத் தூக்கிச் சிறகு அடிக்கிறது. வழி தெரியாமல் சுற்றுகிறவர்களுக்கு வாசனை விடுகிறது. அயனி மரத்தடிப் பெட்டியில் சத்தம் கம்மிதான், பரவாயில்லை. டிசம்பர் 12, நடுச் சட்டம் ஒன்றை மட்டும் தூக்குவேன், அப்போது கேமரா ஓடும்.