கூடத்தில்தான் மேஜிக் முழுமை பெறுகிறது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, ஜமுக்காளத்திலும் நாற்காலியிலும் நிறைந்திருக்கும் மதுரை மக்களே, அனைவருக்கும் வணக்கம். 'மேஜிக் கலை முழுமை பெறுவது பெரிய மேடையிலா, வீட்டுக் கூடத்திலா?' என்பது இன்றைய தலைப்பு. கூடத்திலேதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், நம் நாட்டு மேடை மேஜிக் மேதை பி.சி. சர்க்காரை எடுத்து வைத்தார். 1956 ஏப்ரலில், பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில், ஒரு பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுக்கிற வித்தையைச் சர்க்கார் காட்டினார். அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்துவதற்கு முன்பே நேரம் முடிந்துவிட்டது என்று ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. "பார்த்தீர்களா மேடையின் வல்லமையை" என்றார் அண்ணன். சர்க்காரின் பெருமையை நானும் வணங்குகிறேன். ஆனால் ஐயா, பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்தார்களே, அவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? அவரவர் வீட்டுக் கூடத்தில்! கேமரா அவர்களைக் கொண்டுபோய் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியது. பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் குலை நடுங்கியது.

தூரத்தில் இருந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1918 ஜனவரியில், நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில், அமெரிக்க மேஜிக் கலைஞர் ஹூடினி ஒரு யானையையே மறைத்துக் காட்டினார். 5000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கு அது. யானை போன பெட்டியின் உட்புறம் நேர் எதிரே இருந்த கொஞ்சம் பேருக்குத்தான் சரியாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு யானை மறைந்தது என்பது ஹூடினி சொல்லித் தெரிந்த செய்தி. காதால் கேட்கிற மேஜிக்கை முழுமை என்று எப்படி ஒப்புக்கொள்வது?

மேடை மேஜிக்குக்கே புது வழி காட்டியவர் என்று எதிரணி போற்றுகிற ராபர்ட் ஊடின் 1845ல் பாரிஸில் அரங்கு திறந்தாரே, அங்கே என்ன செய்தார்? தரைவரை துணி தொங்கும் மேசைகளைத் தூக்கி எறிந்தார். மந்திரவாதி அங்கியைக் கழற்றிவிட்டு, விருந்துக்குப் போகிற கனவான் உடையில் வந்தார். மேடையையே ஒரு நல்ல வீட்டின் வரவேற்பறையாக அலங்கரித்தார். வியன்னாவில் ஹோஃப்ட்சின்சர் என்ற மேஜிக் கலைஞர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே தன் வீட்டு அறையில் விருந்தினர்களுக்குச் சீட்டு வித்தை காட்டினார். இன்றைக்கும் சீட்டைக் கையில் எடுப்பவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கூடத்து மேஜிக் என்றால் 20 பேரில் இருந்து 60, 70 பேர்வரை. கடைசி ஆள் 25 அடிக்குள் இருப்பார். திரை கிடையாது, ஓரத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது, மேலே இருந்து வண்ண விளக்கு கிடையாது. அதனாலேயே இந்தக் கலைஞரின் வேலை முதல் வித்தைக்கு அரைமணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கூடத்தின் ஒரு மூலையை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டில் இருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. முன்வரிசைக்கும் அவருக்கும் 6 அடி இடைவெளி. அந்த எல்லையில் ஜமுக்காளத்தின் விளிம்பை விரித்துவிட்டால் பிள்ளைகள் அதைத் தாண்ட மாட்டார்கள். கோடு இல்லையென்றால் மூன்றாவது வித்தைக்குள் நகர்ந்து நகர்ந்து காலடிக்கே வந்துவிடுவார்கள்.

பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நிற்பவர் மாட்டிக்கொள்வார். கண்ணாடி பதித்த பீரோ, ஷோகேஸ் கதவு, இவற்றைவிட ஆபத்து சுவரில் மாட்டியிருக்கும் பெரியவர்களின் படம். நம் வீடுகளில் படம் முன்பக்கம் சாய்ந்துதான் தொங்கும். அந்தச் சாய்வில், கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மேஜிக்காரரின் முதுகுப்புறமும் உள்ளங்கையும் அப்படியே தெரியும். பீரோ கண்ணாடியில் ஒரு துணியைப் போடலாம். தாத்தா படத்தில் போட முடியாது, நிற்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நிற்கவே கூடாது. வெளிச்சம் பின்னால் இருந்து வந்தால் மெல்லிய பட்டுக் கைக்குட்டைக்குள் இருப்பது நிழலாகத் தெரியும், கலைஞரின் முகமோ இருட்டாகிவிடும். டியூப் லைட் அவருக்கு முன்னால், தலைக்கு மேலே இருக்க வேண்டும்.

அடுத்தது ஃபேன். சித்திரை, வைகாசியில் மதுரையில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் கூட்டம் விசிறிக்கொண்டே பார்க்கும், கவனம் போய்விடும். விவரம் தெரிந்தவர் தன் தலைக்கு மேல் உள்ளதை மட்டும் நிறுத்தச் சொல்வார். மெழுகுவத்தி, காகிதப் பூமழை இரண்டையும் பெட்டியிலேயே விட்டுவிடுவார். கைக்குட்டை 18 அங்குலம் இருக்கட்டும், எப்போதும் இரண்டு முனையைப் பிடித்தே காட்டட்டும். வியர்த்த கையில் சீட்டு ஒட்டும், விசிறி விரித்தால் இரண்டு மூன்றாகக் கொத்தாக வரும். ஆகவே வெயில் காலத்தில் நிகழ்ச்சிக்கு ஒரு புதுச் சீட்டுக் கட்டு, ஐப்பசி மழையில் காற்றுப் புகாத டப்பா.

இத்தனை கவனமும் எதற்கு? பார்ப்பவர் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால். மேடைக் கலைஞருக்கு இந்தப் பரீட்சை வருவதே இல்லை, ஐயா!

பொருளைப் பார்ப்போம். கயிற்றை வெட்டி ஒட்டுகிற வித்தைக்கு வெள்ளைப் பருத்திக் கயிறு, 5 அடி நீளம். உள்ளே இருக்கும் நூல்திரியை உருவிவிட்டால்தான் மெத்தென்று வளையும். முனை பிரியாமல் இருக்கப் பசையில் தொட்டுக் காயவைக்க வேண்டும். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் கயிற்றைக் கடிக்கும், பஞ்சு உதிரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைக் கயிற்றைக் காட்டினால் மூன்றாம் வரிசைக்கு ஒன்றும் தெரியாது, அடர்ந்த நிறச் சட்டைதான் வேண்டும். கையில் இருப்பது எதுவானாலும் நெஞ்சுக்கு மேலே, தாடைக்குக் கீழே இருக்க வேண்டும். இடுப்பளவில் காட்டினால் முன்வரிசைப் பிள்ளைகளின் தலைதான் பின்வரிசைக்குத் தெரியும்.

பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். நாலு வரிசை தாண்டினால் அது வெறும் மினுக்கல். அதைக் கூடத்துக் கலைஞர் ஓசையால் சரிக்கட்டுகிறார். காற்றில் இருந்து காசு பிடித்து ஒரு பாத்திரத்தில் போடுகிற வித்தையை உலகத்துக்குக் காட்டிப் புகழ்பெற்றவர் அமெரிக்க மேஜிக் கலைஞர் டி. நெல்சன் டவுன்ஸ். அதையே நம் வீட்டு எவர்சில்வர் சொம்பை வாங்கிச் செய்து பாருங்கள். 'ணங்' என்று விழுகிற ஒவ்வொரு காசையும் கடைசி வரிசைப் பாட்டி எண்ணிக்கொண்டு வருவார். அவர் வீட்டுச் சொம்பு, அவருக்குத் தெரிந்த ஓசை. மேடையில் இசைக்குழு முழங்கும்போது ஒரு காசின் ஓசை எங்கே கேட்கும்?

வீட்டை அறிந்து நடப்பதும் இந்தத் தொழிலில் பாதி. சைவ வீட்டில் முட்டை வித்தையை எடுக்கக் கூடாது. அதற்குப் பதில் எலுமிச்சம்பழம் என்று போனால், செப்படி வித்தையில் கிண்ணத்துக்கு அடியில் அது வந்த நொடியே யாராவது ஒரு பெரியம்மாவுக்குச் செய்வினை ஞாபகம் வந்து முகம் மாறும். கிண்ணம் கொள்ளுகிற சின்னத் தக்காளி போதும், சிவப்பு தூரத்துக்கும் தெரியும். மதுரைக்கு வந்துவிட்டு மல்லிகைப் பூவை வரவழைக்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் வாசனை முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும்! மதுரை மூக்கை ஏமாற்ற முடியாது, வாசனை இல்லாத பூவுக்குத்தான் போக வேண்டும். மோதிரம் கேட்டால் கல் பதிக்காததாக, எளிதாகக் கழலுவதாக, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்க வேண்டும், அடுத்த வித்தைக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். திருமண வீட்டில் புதுப்பெண்ணை உதவிக்கு அழைப்பதானால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான். இலை போட்ட பிறகு ஆரம்பித்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள், பந்திக்கு முன் 40 நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

ஒத்திகையைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. கண்ணாடி முன் பழகுகிறவருக்குத் தெரியாமலே ஒரு பழக்கம் வந்துவிடும், ரகசிய அசைவு வருகிற கணத்தில் கண் சிமிட்டிவிடுவார். தன் தவறைத் தானே பார்க்காமல் போய்விடும். அதனால் இப்போது கைபேசியில் படம் பிடித்து, தரையில் உட்காருகிற குழந்தையின் கண் உயரத்தில் ஒன்று, நிற்கிற ஆளின் உயரத்தில் ஒன்று என்று இரண்டு கோணத்திலும் பார்க்கிறார்கள். உள்ளங்கையில் மறைத்தது கீழே இருந்து பார்க்கும்போதுதான் தெரியும். ஒரே கை அசைவு இரண்டு உயரத்தையும் வெல்ல வேண்டும் என்றால் அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், ஐயா. அந்த உழைப்பைத்தான் நான் முழுமை என்கிறேன்.

வருமானம் மேடைக்குத்தான் என்றார் அண்ணன். டிக்கெட் பணம் பெரிதுதான். ஆனால் பெட்டிகளை ஏற்ற லாரி, உதவிக்கு ஆட்கள், ஜெனரேட்டர், அரங்க வாடகை, இத்தனையும் கழித்த பிறகு, ஒரு நாள் மழை பெய்தால் மிச்சம் என்ன? கூடத்துக் கலைஞரின் தொழில் முழுவதும் ஒரு தோள்பையில் அடங்கும். மாட்டுத்தாவணியில் ஏறி மேலூரில் ஒரு காதணி விழா, ஆரப்பாளையத்தில் ஏறி உசிலம்பட்டியில் ஒரு பிறந்தநாள். ஃபேன் நின்றாலும் மின்சாரம் போனாலும் நிகழ்ச்சி நடக்கும்.

நேரமாகிவிட்டது என்று நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். அடுத்து வருகிற எதிரணிச் சகோதரியிடம் ஒரே கேள்வி. கயிற்றின் ஒரு முனையைப் பாட்டியும் மறுமுனையைப் பேத்தியும் இறுகப் பிடித்திருக்க, நடுவில் வெட்டிய இடம் அவர்கள் கண்ணெதிரே ஒன்றாகிறது. 5000 பேர் உட்காரும் அரங்கில் எத்தனை பேர் கையில் அந்தக் கயிற்றை உங்களால் கொடுக்க முடியும்? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள், சகோதரி. நன்றி, வணக்கம்.