நெறி கட்டும்போது உள்ளே என்ன நடக்குது? பி செல் ஆன்டிபாடி தயாரிக்கும் விதம்

[திரையில்: தாடைக்குக் கீழே, அக்குளில், தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள்]

கால் விரல்ல காயம் பட்டு சீழ் வச்சா, தொடை இடுக்குல நெறி கட்டும். தொண்டைப் புண்ணுன்னா தாடைக்குக் கீழே. கையில தடுப்பூசி போட்டா அக்குள்ல. அடிபட்டது ஒரு இடம், வீங்குறது வேற இடம். ஏன்?

அங்கே இருக்கறது நிணநீர் முடிச்சு. காயத்துல இருந்து வடியுற நிணநீர், கிருமியோட துணுக்குகளைச் சுமந்துக்கிட்டு அங்கதான் வந்து சேருது. உடம்புல இப்படி நூற்றுக்கணக்கான முடிச்சுகள் இருக்கு. ஆன்டிபாடின்னா கிருமியைப் பிடிச்சுக்கற புரதம். அதைத் தயாரிக்கிற வெள்ளை அணுக்களான பி செல்கள் துணுக்குகளைச் சந்திக்கிறது இங்கதான். சில வாரத்துக்கு மேலயும் வத்தாத வீக்கம், வலியே இல்லாம கெட்டியா இருக்கற கட்டி, இதையெல்லாம் டாக்டர்கிட்ட காட்டணும். மத்தபடி நெறி கட்டுறது உள்ளே வேலை நடக்குதுங்கறதுக்கு அடையாளம்.

அந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, பி செல் எங்கே பிறக்குதுன்னு பார்த்துடலாம்.

[திரையில்: எலும்பு மஜ்ஜை, மரபணுத் துண்டுகள் வெட்டப்பட்டு ஒட்டப்படுகின்றன]

எலும்பு மஜ்ஜையில. மனுஷனுக்கு இருக்கறதே சுமார் 20,000 மரபணுக்கள். ஆனா கோடிக்கணக்கான வகை ஆன்டிபாடி வேணும். இது எப்படி சாத்தியம்னு காட்டினவர் சுசுமு தொனெகாவா. 1976-ல சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துல அவர் செஞ்ச ஆய்வு இது. ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது தன் மரபணுத் துண்டுகளை வெட்டி, இஷ்டத்துக்கு மாத்தி ஒட்டிக்குது. அதனால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஏற்பி, அதாவது செல்லோட மேல்பரப்புல ஒட்டியிருக்கற ஆன்டிபாடி. இதுக்கு 1987-ல நோபல் பரிசு கிடைச்சது.

குருட்டாம்போக்குல ஒட்டினா ஆபத்தும் உண்டு. சில ஏற்பிகள் நம்ம உடம்பையே பிடிச்சுக்கும். அப்படிப்பட்ட செல்லுக்கு, திரும்ப வெட்டி ஒட்டிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். அப்பவும் சரியாகலைன்னா பெரும்பாலும் அங்கேயே சாகும்.

இந்த வளர்ச்சி பாதியில நின்னா என்ன ஆகும்? 1952-ல அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில 8 வயசுப் பையன் ஒருத்தனுக்குத் திரும்பத் திரும்ப கடுமையான தொற்று வந்துட்டே இருந்தது. ஆக்டன் புரூட்டன்ங்கற டாக்டர் ரத்தத்தைச் சோதிச்சா, ஆன்டிபாடி இருக்க வேண்டிய புரதப் பகுதியே காணோம். மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடியை ஊசியா போட்டார், பையன் தேறினான். காரணமான பிடிகே மரபணுவை 1993-லதான் கண்டுபிடிச்சாங்க. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் வருது. இந்தக் குழந்தைகளோட வாயைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, டான்சில் இருக்கற இடம் கிட்டத்தட்ட காலியா இருக்கும். இவ்வளவு தொற்றிலும் கழுத்துல நெறியும் கட்டாது. டான்சிலும் நெறியும் பெரிசாக பி செல் எவ்வளவு தேவைன்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது.

[திரையில்: நிணநீர் முடிச்சின் குறுக்குவெட்டு, நடுவில் இருட்டுப் பகுதி, வெளிச்சப் பகுதி]

இப்போ முடிச்சுக்குள்ள போவோம். தனக்குப் பொருத்தமான துணுக்கு கிடைச்சதும் பி செல் அதை விழுங்கி, புரதத்தைத் துண்டாக்கி, மேல்பரப்புல தூக்கிக் காட்டும். அதே புரதத்தை அடையாளம் தெரிஞ்ச டி செல்ங்கற இன்னொரு வகை வெள்ளை அணு வந்து அனுமதி கொடுக்கணும். பேங்க் லாக்கர் மாதிரி: உங்க சாவி மட்டும் போதாது, பேங்க் சாவியும் சேரணும். அந்த அனுமதியைக் கொடுக்கற சிடி40 லிகண்ட்ங்கற மூலக்கூறு பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஐஜிஎம்ங்கற முதல் வகை ஆன்டிபாடி மட்டும்தான் இருக்கும். ஐஜிஜி, ஐஜிஏ வகைகளுக்கு சரியா மாற முடியாது.

அனுமதி கிடைச்சு சுமார் ஒரு வாரத்துல, முடிச்சுக்குள்ள ஜெர்மினல் சென்டர்ங்கற, பி செல்கள் பெருகித் தேறுற இடம் உருவாகும். அதுல இருட்டுப் பகுதி, வெளிச்சப் பகுதின்னு ரெண்டு பாகம். முழு விஷயத்துலயும் எனக்கு மலைப்பு குறையாத இடம் இதுதான். இருட்டுப் பகுதியில பி செல்கள் மளமளன்னு பெருகும். கூடவே ஏஐடிங்கற நொதி, ஆன்டிபாடி மரபணுவுல வேணும்னே எழுத்துப் பிழைகளைப் போடும், வழக்கத்தைவிட சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்துல! நம்ம உடம்பே தன் மரபணுவைக் கெடுத்துக்குது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு 1999-ல கண்டுபிடிச்ச நொதி இது.

பெரும்பாலான மாற்றங்கள் வீண். சிலது ஏற்பியை இன்னும் இறுக்கமா பிடிக்க வைக்கும். எது எதுன்னு தெரியறது வெளிச்சப் பகுதியில. அங்கே கிருமித் துணுக்குகளைப் பிடிச்சு வச்சிருக்கற செல்கள்கிட்ட இருந்து, ஒவ்வொரு பி செல்லும் துணுக்கைப் பிடுங்கணும். இறுக்கமா பிடிக்கிறது நிறைய பிடுங்கும், டி செல்லுக்கு நிறைய காட்டும், உதவியும் நிறைய வாங்கும். உதவி டி செல்கள் எண்ணிக்கையில கொஞ்சம்தான். உதவி கிடைக்காதது செத்துப்போகும், மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கிடும். ஜெயிச்சது திரும்ப இருட்டுப் பகுதிக்குப் போய் பெருகும், மறுபடி மாறும், மறுபடி போட்டிக்கு வரும். அதனாலதான் நாள் ஆக ஆக ஆன்டிபாடியோட பிடி இறுகிட்டே போகுது.

இதுக்குக் கடிவாளமும் இருக்கு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் ஜெர்மினல் சென்டருக்குள்ளயே வந்து உதவியைக் குறைக்கும். நம்ம உடம்பைத் தாக்குற ஆன்டிபாடி வளராம தடுக்கறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வகை செல்களையும், அதை இயக்குற ஃபாக்ஸ்பி3 மரபணுவையும் பத்தின கண்டுபிடிப்புகளுக்காக மேரி புருன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சாகாகுச்சி மூணு பேருக்கும் 2025-ல நோபல் கிடைச்சது.

[திரையில்: ஆன்டிபாடிகளை வெளியிடும் பிளாஸ்மா செல்]

ஜெயிச்ச செல்கள்ல சிலது பிளாஸ்மா செல்லா மாறும். ஒரே செல், வினாடிக்கு ஆயிரக்கணக்கான ஆன்டிபாடி. அதுல சிலது எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பி வருஷக்கணக்கா உட்கார்ந்து தயாரிக்கும். மத்த சிலது, அதே கிருமி திரும்ப வந்தா சீக்கிரமா அடையாளம் கண்டுக்கற நினைவு செல்லா சுத்திட்டிருக்கும்.

கடைசியா, நம்ம குழந்தைகளுக்குப் போடற பென்டாவேலன்ட் ஊசி. அது தடுக்கிற அஞ்சு நோய்க்கிருமிகள்ல ஹிப் பாக்டீரியாவும் ஒண்ணு. அதோட மேலுறை சர்க்கரையால ஆனது. டி செல்லுக்கு அந்தச் சர்க்கரையைத் தெரியாது, புரதம்தான் தெரியும். ரெண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தையோட பி செல், வெறும் சர்க்கரையைப் பார்த்து சரியா வேலை செய்யாது. அதனால சர்க்கரையோட ஒரு புரதத்தை ஒட்டி ஊசியாக்கினாங்க. பி செல் சர்க்கரையைப் பிடிக்கும், ஒட்டியிருக்கற புரதத்தையும் சேர்த்து விழுங்கும், அந்தப் புரதத்தை டி செல்லுக்குக் காட்டி அனுமதி வாங்கும். இந்தியாவுல இந்த ஊசி முதல்ல அரசுத் திட்டத்துக்கு வந்தது 2011 டிசம்பர்ல, தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்.

6, 10, 14 வாரம்னு இடைவெளி விடறதுக்குக் காரணமும் நீங்க இப்போ பார்த்ததுதான். முதல் ஊசியில தேறின நினைவு செல்கள், அடுத்த ஊசிக்குத் தயாராக அவகாசம் வேணும். ஒரு தேதி தவறிப்போனா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, அந்த நினைவு செல்கள் அங்கேயேதான் இருக்கு. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கிட்டு கிராம சுகாதார செவிலியரைப் பாருங்க, விட்ட டோஸ்ல இருந்து போடுவாங்க.